தினமும் தண்ணீர் ஊற்றியும் கற்றாழை பழுப்பாகிறது, எனக்குக் கைராசி இல்லையா?

தொட்டியில் வைத்த சோற்றுக்கற்றாழைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், உரமும் போட்டிருக்கிறீர்கள், அப்படியும் இலை பழுப்பாகிறது, கைராசி இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கைராசி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு இலையை அடியில், தண்டை ஒட்டிய இடத்தில் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று அமுங்கினால் வேர் அழுகுகிறது. இலை கெட்டியாக இருந்து, வெயில் படும் பக்கம் மட்டும் செம்பழுப்பாக இருந்தால் வெயில் சுட்டிருக்கிறது. அரைநிழலுக்கு மாற்றினால் பெரும்பாலும் பச்சை திரும்பும். இலை மெலிந்து, குழிந்து, நுனி காய்ந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். நீங்கள் தினமும் ஊற்றுவதால் முதலில் சொன்னதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அதுதான் நடந்தது. 2019ல் சென்னைக்குக் குடிவந்தபோது, உடன்குடியிலிருந்து அம்மா ஒரு பக்கக்கன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அங்கே தேரி என்ற செம்மணல் மேட்டில் யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே முழங்கால் உயரம் நிற்கும் செடி. நான் அதை அடியில் துளை இல்லாத பீங்கான் தொட்டியில், பாதிக்கு மேல் கோகோபீட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் தேங்காய் நார்த்தூள்) கலந்த மண்ணில் வைத்தேன். ஐப்பசி மழை பிடித்தது. இலை துவண்டு பழுப்பானது. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். நர்சரியில் பூஞ்சை என்று சொல்லி 350 ரூபாய்க்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த மாமியாரின் தங்கை, நாலு பேர் முன்னால், "உன் கைக்குச் செடி வராதும்மா" என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "வேரைப் பாத்தியா? வாசல்ல திருஷ்டிக்குத் தலைகீழா கட்டுறோமே, அது மண்ணும் இல்லாம தண்ணியும் இல்லாம எத்தனை மாசம் கெடக்கு!" என்றார்.

செடியைப் பிடித்து இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுப்பு, சாக்கடை நாற்றம். ஒரு வேரை விரலால் உருவினேன். தோல் சளி போலக் கழன்று, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண்ணில் தண்ணீரே நிறைந்து கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் செத்தபின் எவ்வளவு ஈரம் இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடியும் வாடின மாதிரியே தெரிகிறது, நாம் மேலும் ஊற்றுகிறோம். போதாததற்கு, கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அந்தத் துளை வழியாக ஆவியாகிப் போகும் தண்ணீர்ச் செலவே குறைவு, அதற்குத் தினசரி தண்ணீர் எதற்கு?

அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டினேன். மிஞ்சியது இரண்டு வெள்ளை வேர். ஐந்து நாள் நிழலில் காயப்போட்டேன். செம்மண், ஆற்றுமணல், உடைத்த செங்கல் மூன்றையும் சமமாகக் கலந்து, துளை உள்ள மண்தொட்டியில் நட்டேன். ஒரு வாரம் தண்ணீரே காட்டவில்லை. நாற்பது நாளில் நடுக்குருத்து வெளிர்பச்சையாக எட்டிப் பார்த்தது. இப்போதும் ஈர்க்குச்சியை ஆழமாகக் குத்தி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால்தான் ஊற்றுகிறேன். வெயில் காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

கோகோபீட்டைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் கீரைத்தொட்டிக்கு அதைத்தான் போடுகிறேன். கற்றாழைக்கு ஈரம் தங்கக் கூடாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

அந்தச் செடி இன்று ஏழு கன்று விட்டிருக்கிறது. அவற்றை வைக்கத்தான் இடமில்லை. நடைவழியில் தொட்டி வைக்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதே நடைவழியில் செருப்பு அலமாரியும் ஓட்டாத சைக்கிளும் வருடக்கணக்காக நிற்கின்றன, அவற்றை யாரும் கேட்பதில்லை. இரண்டு கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டேன், அடுத்ததிலும் பேசுவேன்.

நீங்கள் இன்றைக்கே செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். ஒரு வெள்ளை வேர்கூட இல்லை என்றாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடித்தண்டு கெட்டியாக இருந்தால் காயவைத்து நடுங்கள், புதுவேர் விடும்.