குழந்தைக்கு ஃப்ளூ ஊசி: அட்டையைத் தப்பாகப் படித்த ஒரு அப்பாவின் பதில்

கேள்வி: "எங்கள் குழந்தைக்கு 6 மாதம் முடியப்போகிறது. ஃப்ளூ தடுப்பூசி 'ஆப்ஷனல்' என்கிறார் டாக்டர். வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். போடலாமா?"

போடலாம். நானும் என் மகளுக்குப் போட்டேன். என்ன, ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி இருந்துவிட்டு வந்த பிறகு போட்டேன். பதில் இவ்வளவுதான், அவசரமாக இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம்.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்துக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. "நாங்கள் எல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம்" என்று எழுத விரல் துடிப்பவர்கள் தாராளமாக எழுதலாம், சண்டைக்கு வரமாட்டேன். உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இது முதல் குழந்தை என்று நினைக்கிறேன். வீட்டில் இந்நேரம் இரண்டு கட்சி உருவாகியிருக்கும். டாக்டர் 'ஆப்ஷனல்' என்று சொன்னதும், "பார்த்தாயா, டாக்டரே வேண்டாம் என்கிறார்" என்று ஒரு கட்சி ஜெயித்திருக்கும். அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் கிடையாது. அரசு அட்டவணையில் கட்டாயமாக இல்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஃப்ளூ ஊசி இலவசம். பிரிட்டனில் வேறு உடல்நலச் சிக்கல் இல்லாத குழந்தைக்கு 2 வயதிலிருந்துதான், அதுவும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார அமைப்போ 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை, ஃப்ளூவால் அதிக ஆபத்து உள்ளவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு செலவுக் கணக்கு வேறு. உங்கள் டாக்டரிடம் "ஆப்ஷனலா?" என்று கேட்காதீர்கள். "உங்கள் வீட்டுக் குழந்தை என்றால் போடுவீர்களா?" என்று கேளுங்கள்.

இனி என் கதை.

எங்கள் வீட்டில் தடுப்பூசி அட்டை என் பொறுப்பு. சும்மா சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு, அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ஒவ்வொரு தவணைக்கும் அரை நாள் லீவு போட்டுப் போய் வந்தவன் நான். அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. மகளுக்கு 6 மாதம் ஆனபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, ஃப்ளூவுக்குன்னு ஒரு ஊசி இருக்காமே, பாப்பாவுக்குப் போட்டோமா?" நான் அட்டையை எடுத்து வந்து விரல் வைத்துக் காட்டினேன். "இதோ பாரு, இன்ஃப்ளூயன்சா பி. மூணு தவணையும் முடிஞ்சாச்சு." கொஞ்சம் அலட்சியமாகத்தான் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து உடம்பு வலியோடு வந்தேன். தலை இடித்தது, கண்ணை உருட்டினாலே வலித்தது. அலைச்சல் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல மகளைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் எனக்கு 102 டிகிரி. ஞாயிறு காலையில் அவளுக்கு 103. ஃப்ளூ உடம்பில் புகுந்து வெளியே தெரிய 1 முதல் 4 நாள் ஆகும். அறிகுறி வருவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றவும் ஆரம்பித்துவிடும். அதாவது எனக்கு ஒன்றும் தெரியாத புதன்கிழமையே நான் அவளுக்குக் கொடுத்திருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

சாதாரணச் சளி என்றால் மூக்கு ஒழுகும், சிணுங்குவாள், விளையாடுவாள். இது அப்படி இல்லை. பொம்மையைக் கையில் வைத்தால் விரல் மூடவில்லை. பால் வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் மாற்றிய டயபர் மாலை வரை நனையவே இல்லை.

ராத்திரி 2 மணிக்கு அவள் மூச்சுவிடும் சத்தம் மாறியது. மூச்சை எண்ண வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் வேகம் அதிகம், ஒரு வயதுக்கு மேல் 40. முழு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. சட்டையை மேலே தூக்கிவிட்டு, போன் வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, வயிறு ஏறுவதை எண்ணினேன். நாற்பதில் இருமினாள், எண்ணிக்கை போயிற்று. மறுபடி முதலிலிருந்து. 58. மனைவியை எழுப்பி, நான் எண்ணியதைச் சொல்லாமல் அவளையும் எண்ணச் சொன்னேன். 61. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் விலாவுக்குக் கீழே சின்னதாக ஒரு குழி விழுந்து எழுந்தது. அந்தக் குழியைப் பார்த்த பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் குச்சி விட்டுப் பரிசோதித்து இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸில் ஒரு வகை என்றார்கள். "ஃப்ளூ ஊசி போட்டிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "மூணு தவணையும் போட்டாச்சு டாக்டர்" என்று பிளாஸ்டிக் உறையோடு அட்டையை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, திட்டாமல், மெதுவாகச் சொன்னார்: "சார், இது வேற."

அட்டையில் இருந்தது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி. சுருக்கமாக ஹிப் என்பார்கள். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாக வரும் பென்டாவேலன்ட்டில் அதுவும் ஒன்று. அது பாக்டீரியா, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் கொண்டு வரும். ஃப்ளூவோ வைரஸ். இரண்டுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ளூ நோயாளிகளிடம் இந்தப் பாக்டீரியாவைக் கண்டு, இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டார். மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய விஞ்ஞானியே ஏமாந்த இடம் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு. மனைவியிடம் இந்தச் சமாதானம் செல்லவில்லை. உங்கள் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஹிப் போட்டிருந்தால் ஃப்ளூவுக்குப் போட்டதாக ஆகாது.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குத்தான் சார், அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்றது."

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லியே தீர வேண்டும். அட்டையைத் தப்பாகப் படித்தது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 மாதமாக எங்கே போனாலும் "அம்மா வரலையா?" என்றுதான் முதல் கேள்வி. குழந்தை என் தோளில் இருக்கும். டயபர் பை என் கையில் இருக்கும். எடை எவ்வளவு, கடைசியாக எப்போது பால் குடித்தாள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். மருந்தின் அளவை மட்டும் மனைவியைப் பார்த்துச் சொல்வார்கள். ஆண்கள் கழிப்பறையில் டயபர் மாற்ற ஒரு மேஜை இருந்து நான் பார்த்ததே இல்லை, மடக்கிய என் காலில் கிடத்தித்தான் மாற்றியிருக்கிறேன். அப்பாக்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்வதில்லை என்று கட்டுரை எழுதுகிறார்கள். பார்த்துக்கொள்கிறவனுக்கு என்ன மரியாதை என்று யாராவது எழுதினால் தேவலை. சரி, விடுங்கள்.

மூன்று ராத்திரி. மூக்கில் ஆக்சிஜன் குழாய், அதை அவள் பிடுங்காமல் இருக்கக் கையில் துணி உறை. ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஆசல்டமிவிர் சிரப் கொடுத்தார்கள். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகப் பலன் என்றார்கள், நாங்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தோம். ஃப்ளூ இருக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ரெய்ஸ் நோய்க்குறி என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஒன்று வரக்கூடும் என்றும் எச்சரித்தார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு ஒரு கணக்குப் போட்டேன். ஊசியை 6 மாதத்திலிருந்துதான் போட முடியும். முதல் வருடம் 2 தவணை, நடுவில் குறைந்தது 4 வாரம். பாதுகாப்பு வர அதற்கு மேல் சுமார் 2 வாரம். மனைவி கேட்ட அன்றே போட்டிருந்தால் ஏழரை மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மகள் படுத்தது எட்டு மாதத்தில்.

போட்டிருந்தால் வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. இங்கேதான் ஊசிக் கட்சிக்காரர்கள் மிகையாகப் பேசிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். ஊசி வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற வருடத்திலேயே, ஃப்ளூ வந்து டாக்டரிடம் போக வேண்டிய வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. ஆனால் ஊசி போட்ட குழந்தைக்கு வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போவது குறைவு. 58 எண்ணிய எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

ஏன் வருடா வருடம்? வைரஸ் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது, போட்ட ஊசியின் பலமும் மாதங்களில் குறைகிறது. எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இரண்டு முறை கூடிச் சொல்கிறது: பிப்ரவரியில் வட கோளத்துக்கு, செப்டம்பரில் தென் கோளத்துக்கு. அதனால் "இது நடப்பு சீசன் ஊசிதானே?" என்று கேட்பது தப்பில்லை. நான் இப்போது லேபிளையே வாங்கிப் படிக்கிறேன், சூடு கண்ட பூனை.

ஊசி போட்டாலே ஃப்ளூ வரும் என்று என் அம்மாவும் சொன்னார். கைக்குழந்தைக்குப் போடுவது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. உயிருள்ள, ஆனால் வலு குறைத்த வைரஸ் இருப்பது மூக்கு ஸ்ப்ரேயில்தான், அது 2 வயதுக்கு மேல். மச்சினன் வேறொரு செய்தி அனுப்பினான்: 2010இல் ஆஸ்திரேலியாவில் ஃப்ளூ ஊசிக்குப் பிறகு சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வந்தது என்று. பொய் என்று தள்ளப் பார்த்தேன், தேடினால் உண்மை. ஒரு குறிப்பிட்ட தயாரிப்பில் வந்த சிக்கல் அது. கவனித்து, அதைச் சின்னக் குழந்தைகளுக்குப் போடுவதை நிறுத்தினார்கள். மறைக்காமல் நிறுத்தினார்கள் என்பதுதான் என் பயத்தைக் குறைத்தது, அவனுக்கு அதே செய்தி பயத்தைக் கூட்டுகிறது. உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே காய்ச்சல் வலிப்பு வந்திருந்தாலோ, முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

உடம்பு தேறிய பிறகு மகளுக்கு ஊசி போட்டோம். ஒரு தடவை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று நானும் கேட்டேன். ஃப்ளூ வைரஸில் ஏ வகையிலேயே வேறு ரகம் உண்டு, பி வகை தனியாக உண்டு என்றார் டாக்டரம்மா. தொடையில் போட்டார்கள், இருபது நிமிடம் உட்கார வைத்து அனுப்பினார்கள். அன்று ராத்திரி 100 டிகிரி, கொஞ்சம் சிணுங்கல், தொடையில் ஒரு சிவப்பு வட்டம். இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை.

நானும் போட்டுக்கொண்டேன், மனைவியும். "எனக்கு எதுக்குடா ஊசி, எனக்கென்ன குழந்தையா?" என்றார் அம்மா. "குழந்தையைத் தூக்குறது நீதானேம்மா" என்றதும் கையை நீட்டினார். உங்கள் குழந்தைக்கு இன்னும் 6 மாதம் முடியவில்லை என்கிறீர்கள். இன்றைக்கே செய்யக்கூடியது இதுதான்: அதைத் தூக்கிக் கொஞ்சுகிற எல்லோரும் போட்டுக்கொள்வது. அடுத்த பிள்ளைக்குத் திட்டம் இருந்தால், கர்ப்பமாக இருக்கும்போதே அம்மா போட்டுக்கொண்டால் பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதம் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். எங்களுக்கு இதை அப்போது யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் தவணைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். "அம்மா வரலையா?" என்றார் அதே நர்ஸ். வரவில்லை என்றேன். அட்டையில் ஃப்ளூவுக்கென்று கட்டமே இல்லை, கீழே வெற்றிடத்தில்தான் எழுத வேண்டும். கொஞ்சம் பெரிய எழுத்தில் 'ஃப்ளூ' என்றே எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அடுத்த வருடத் தேதியையும் பென்சிலில் போட்டுக் கொடுத்தார்.

அட்டை இப்போது மனைவியின் பையில் இருக்கிறது.