கேள்வி-பதில்: குழாயில் தண்ணீர் வந்ததா?

கேள்வி: என் மகள் கடலூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மாணவர் இதழின் ஆசிரியர் குழுவில் இருக்கிறாள். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று அவள் எழுதிய கட்டுரையைத் தலைமையாசிரியை நீக்கிவிட்டு, என்னையும் வரவழைத்துப் பேசினார். வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் கெடும் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வந்து மகளைக் கண்டித்தேன். இதழ்க் குழுவிலிருந்தே விலகிவிடுகிறேன் என்கிறாள். படிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பத்திரிகைச் சுதந்திரம் எதற்கு? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நேர்மையாகவே சொல்கிறேன். உங்கள் மகளைக் கண்டித்திருக்கக் கூடாது.

நீங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய தாள் என் மேசையில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து எடுத்த தாள். நீல மையில் எழுதியிருக்கிறாள். அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. நான் முதலில் பார்த்தது அந்தக் குறியை. பிறகு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதன் கீழே அவள் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கும் சிறிய கட்டத்தை. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். காலை இடைவேளையில் மூன்று குழாய்களில் எத்தனையில் தண்ணீர் வந்தது, வாளியில் எவ்வளவு இருந்தது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று வரிசையாகக் குறித்திருக்கிறாள். செவ்வாய்க்கு எதிரே, ‘ஒரு குழாய், நூல் மாதிரி’. வியாழனுக்கு எதிரே, ‘இல்லை’. வெள்ளிக்கு எதிரே எழுதியிருப்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: ‘அன்று எனக்குக் காய்ச்சல். தோழி பார்த்துச் சொன்னது.’

தான் காணாத ஒன்றைக் கண்டதாக அவள் எழுதவில்லை. எங்கள் தொழிலில் இந்த ஒரு பழக்கம் படிய எத்தனையோ பேருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் வீட்டில் பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு அது தானாகவே வந்திருக்கிறது. அதற்குக் கிடைத்தது பள்ளியில் பெருக்கல் குறி, வீட்டில் திட்டு.

பெயர் கெடும் என்கிற பேச்சுக்கு வருகிறேன். கட்டுரையில் பொய் இருந்தால் அதை நீக்கலாம். பிழை இருந்தால் திருத்தலாம். இதழுக்குப் பொறுப்பான ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையே அது. ஆனால் தலைமையாசிரியை அதைப் பொய் என்று உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். உண்மை என்பதால்தான் எடுத்திருக்கிறார். பெயர் கெடுவது குழாய் வறண்டதாலா, அதை ஒரு சிறுமி எழுதியதாலா? ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் போதிய நல்ல குடிநீரும் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. தண்ணீர் இல்லாத கழிப்பறை இருந்தும் இல்லாததுதான். சட்டம் பள்ளியிடம் கேட்பதை உங்கள் மகள் கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

இனி, பிள்ளைகளுக்கு எதற்கு என்ற கேள்வி. அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு பேச்சுரிமையைக் குடிமக்கள் எல்லாருக்கும் தருகிறது. பதினெட்டு வயது ஆனவர்களுக்கு என்று அதில் இல்லை. வயது வரம்பு வாக்குரிமைக்குத்தான். எழுத்திலும் அச்சிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது.

இவையெல்லாம் ஏட்டில் இருக்கும், பள்ளிக்குள் செல்லுமா என்று கேட்பீர்கள். கேரளத்தில் 1985-இல் ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை இடம் தராததால் பாடவில்லை. குற்றம் அவ்வளவுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு பிள்ளைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது என்றது. மூன்று பேரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. வாய் திறக்காமல் நின்றதற்கே இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது.

ஆனால் பள்ளி இதழுக்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் இதற்காகவே நீண்ட சண்டை நடந்திருக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்து 1965-இல் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி மேரி பெத் டிங்கர். அப்போது உங்கள் மகளின் வயதுதான் அவளுக்கு. பள்ளி வாசலில் மாணவர்கள் தங்கள் உரிமையை விட்டுவிட்டு உள்ளே போவதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969-இல் சொன்னது. அது முழு வெற்றியாக நிலைக்கவில்லை. மிசூரி மாநிலத்தில் ஹேசல்வுட் பள்ளி மாணவர்கள் பதின்பருவக் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் எழுதிய கட்டுரைகளுக்காக 1983-இல் முதல்வர் இதழின் இரண்டு பக்கங்களை முழுதாக எடுத்தார். பாடத்தின் பகுதியாக நடக்கும் இதழில் கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி கை வைக்கலாம் என்று 1988-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதோடு விட்டுவிடாமல், மாணவர் இதழைக் காக்கப் பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. கலிபோர்னியா 1977-லேயே இயற்றிவிட்டது.

உங்கள் ஊருக்கும் எங்கள் ஊரான புதுச்சேரிக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம். சென்னையில் நடத்த முடியாமல்போன ‘இந்தியா’ பத்திரிகையைப் பாரதி 1908-இல் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்தார். 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி, கடலூர்ச் சிறையில் அடைபட்டார். டிசம்பர் மாதத்தில் அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்காத பள்ளி உங்கள் மாவட்டத்தில் இருக்குமா? பரிசு கொடுக்கிற கை இந்தத் தாளையும் ஒருமுறை எடுத்துப் படித்திருக்கலாம்.

விலகுகிறேன் என்று அவள் சொல்வதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. காரணம் சொல்கிறேன். நான் புதுச்சேரியில் ஒன்பதாவது படித்தபோது நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே படிதான். பழைய காலண்டர் தாளில் அட்டை. கடைசியில் படித்தவர்கள் கருத்து எழுத இரண்டு வெற்றுப் பக்கங்கள். பள்ளி நூலக அலமாரி எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதினோம். ஓர் ஆசிரியர் எங்கள் கண்முன்னால் அதைக் கிழித்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த இதழில் மரம் வளர்ப்பது பற்றி மூன்று பக்கம், நேரம் தவறாமை பற்றி இரண்டு பக்கம். அதற்கடுத்த இதழ் வரவில்லை. அவர் கிழித்தது ஒரு தாள். மீதியை எழுதாமலே விட்டவர்கள் நாங்கள். கட்டுரையைக் கொண்டுவந்த நண்பன் அதன்பிறகு எதையும் எழுதிக் காட்டவே இல்லை. அவன் எங்கள் நான்கு பேரில் நன்றாக எழுதத் தெரிந்தவன்.

உங்கள் மகளின் கட்டுரையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு குறை இருக்கிறது. தலைமையாசிரியையின் பதில் அதில் இல்லை. மோட்டார் பழுதா, தொட்டியில் கசிவா, ஆள் இல்லையா என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே நான்கு வரி சேர்த்திருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் இதைச் சொல்லித் தந்திருந்தால் கட்டுரையும் முழுமையாகியிருக்கும், சிவப்பு மைக்கும் வேலை இருந்திருக்காது. எல்லையும் உண்டு. ஒரு மாணவிக்கு நேர்ந்த துன்பத்தை அவள் பெயரோடு போடக் கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது. ஓர் ஆசிரியரின் குடும்ப விஷயம் இதழுக்கு உரியதல்ல. அப்படி ஏதாவது எழுதியிருந்தால் நானே அதை நீக்கியிருப்பேன். வறண்ட குழாய் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

கட்டுரையை எங்கள் இதழில் வெளியிட்டுவிடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். அது அவள் பள்ளி இதழில், அவள் பெயரோடு, அவள் தோழிகள் படிக்கும்படி வர வேண்டிய கட்டுரை. தாளை இந்த வாரமே தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அவளிடம் கொடுத்து, ‘நான் கண்டித்தது தப்பம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்பா வாயிலிருந்து வந்தால் அவள் விலக மாட்டாள் என்று நம்புகிறேன்.

பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். உதவி பெறும் பள்ளியிலும் அந்தக் குழு உண்டு. அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். தண்ணீரைப் பற்றி அங்கே நீங்கள் கேளுங்கள். கட்டுரையைப் பற்றியும் கேளுங்கள்: எந்த விதியின்படி எடுத்தீர்கள், எழுத்தில் தாருங்கள் என்று.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தலைமையாசிரியை சொன்னது, நீங்கள் சொன்னது, மகள் அழுதது எல்லாம் இருக்கிறது. அந்த மூன்று குழாய்களில் இப்போது எத்தனையில் தண்ணீர் வருகிறது என்று ஒரு வரி இல்லை. மகளைக் கேட்டு எழுதுங்கள்.