கேள்வி – பதில்: ஒரே வேலைக்கு மூன்று பெயர்கள்

கேள்வி: பலர் பங்களிக்கும் திறமூல மென்பொருள் ஒன்றின் பராமரிப்பாளர்களில் நானும் ஒருவன். பயனர் விவரத்தை எடுத்துத் தரும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஓரிடத்தில் 'கெட்_யூசர்', வேறோர் இடத்தில் 'ஃபெட்ச்யூசர்', மற்றோர் இடத்தில் 'லோட்_மெம்பர்' என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். அப்படிச் செய்தால், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் புல் ரெக்வெஸ்ட்களில் (தங்கள் மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லிப் பிறர் அனுப்பும் கோரிக்கைகளில்) பல, உங்கள் மாற்றத்தோடு முட்டிக்கொள்ளும். எந்த வரியை யார் எழுதினார் என்று, பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட் கருவியின் 'கிட் பிளேம்' கட்டளை வழியாகத் தேடுபவருக்கு உங்கள் பெயர்தான் தென்படும். (குறிப்பிட்ட கமிட்களை, அதாவது பதிவுசெய்த மாற்றங்களை, அந்தத் தேடலில் புறக்கணிக்கும் வசதி 2019-இல் கிட் 2.23 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் அதை அமைத்துக்கொள்ளப் பலர் மெனக்கெடுவதில்லை.)

உங்கள் எடுத்துக்காட்டில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. அடிக்கோடா, நடுவில் பெரிய எழுத்தா என்பது எழுத்துநடை. அதை, நிரல் நடையைச் சரிபார்க்கும் பைலின்ட், ஈஎஸ்லின்ட் போன்ற கருவிகளிடம் விட்டுவிடலாம். 'யூசர்', 'மெம்பர்' இரண்டும் ஒருவரைத்தான் குறிக்கின்றனவா என்பதோ எந்தக் கருவிக்கும் தெரியாது. என் கணிப்பில் அதிகம் கெடுப்பது இதுதான்: புதிதாக வருபவர் இவை வெவ்வேறு என்று நம்பி, நான்காவதாக ஒன்றை எழுதி வைப்பார். ஆகவே பங்களிப்பு வழிகாட்டியில் சிறு சொற்பட்டியல் ஒன்றைச் சேருங்கள். நினைவகத்திலிருந்து எடுத்தால் 'கெட்', தரவுத்தளத்திலிருந்து என்றால் 'லோட்', வலையமைப்பு வழியே என்றால் 'ஃபெட்ச்' என்று வரையறுத்துவிட்டால், பெயரைப் பார்த்தே அதற்கு ஆகும் நேரச் செலவை ஊகிக்கலாம்.

பழைய பெயர்களில், உள்ளே மட்டும் புழங்குபவற்றை அந்தந்தக் கோப்பைத் திருத்த நேரும்போது மாற்றினால் போதும். வெளியார் அழைக்கும் பெயர்களுக்குப் பொறுமை தேவை. பைத்தான் மொழியின் யூனிட்டெஸ்ட் என்ற சோதனை நூலகத்தில் 'அசர்ட்ஈக்வல்', 'அசர்ட்ஈக்வல்ஸ்' என ஒரே வேலைக்கு இரு பெயர்கள் இருந்தன. பின்னது வழக்கொழிந்ததென்று அறிவித்து, பத்தாண்டுகளுக்கு மேல் விட்டுவைத்து, 2023-இல் வந்த 3.12 பதிப்பில்தான் நீக்கினார்கள். அதே மொழிக்காக 2001-இல் எழுதப்பட்ட பெப் 8 நடைக் கையேடும், பழைய நூலகம் வேறு நடையில் இருந்தால் அதன் உள்ளொருமையைக் கெடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

கேள்வி: பெயரை மாற்றச் சொன்னால் புதிய பங்களிப்பாளர்கள் மனம் நோகிறார்களே?

பதில்: எழுத்துநடைப் பிழையை மனிதர் சொல்லவே வேண்டாம், தானியங்கிச் சோதனை சொல்லட்டும். சொல் தேர்வில் மட்டும் நீங்கள் பேசுங்கள், அதுவும் பட்டியலின் வரியைச் சுட்டிக்காட்டி. பட்டியலில் இல்லாத சொல்லாக இருந்தால், இம்முறை அவர் வைத்த பெயரை ஏற்று, பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.