நாளைய கதை, அன்றைய பயம்

கேள்வி: இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் நாவல்கள், எழுதியவரின் காலத்துப் பயத்தைத்தான் சொல்கின்றனவா? (வாசகி, கரூர்)

பதில்: பெரும்பாலும் ஆமாம். 1920-21இல் ரஷ்யர் யெவ்கேனி ஸம்யாதின் எழுதிய ‘நாங்கள்’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மனிதருக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீட்டுச் சுவரெல்லாம் உள்ளே நடப்பது வெளியே தெரியும் கண்ணாடி. ஒவ்வொரு கவளத்தையும் 50 முறை மெல்ல வேண்டும் என்றுகூட விதி! அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. ஸம்யாதின் கப்பல் பொறியாளர். 1916-17இல் இங்கிலாந்தில் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டும் வேலையை மேற்பார்த்தவர். தொழிலாளியின் அசைவைக் கடிகாரம் வைத்து அளந்த, அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் முறை பரவிய காலம் அது. லெனினும் அதை வரவேற்றார். நாவலின் அரசுக்கோ டெய்லர்தான் மாமேதை. மனிதன் இயந்திரமாகிவிடுவானோ என்ற அன்றைய பயம்தான் அங்கே கதையானது. அப்புறம், சோவியத்தில் இந்த நாவல் அச்சேற 1988 ஆகிவிட்டது. அவசியம் படியுங்கள்.