கால்கட்டு மருந்தாகுமா?

கேள்வி: மேலூரை அடுத்த கிராமம் எங்களுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 26 வயதான என் தம்பி, யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்பதாகச் சொன்னான். சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகச் சாப்பிட மறுத்தான். மதுரையில் மருத்துவரிடம் காட்டியபோது மனச்சிதைவு நோய் என்றார்கள். மாத்திரையில் குரல் அடங்கிவிட்டது. ஆனால் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான். பெண் வீட்டாரிடம் எதையும் சொல்லாமல் ஒரு கால்கட்டைப் போட்டுவிடலாம், அதிலும் சரியாகாவிட்டால் ஏர்வாடி தர்காவில் விட்டுவிடலாம் என்கிறார் தாய்மாமன். அம்மாவும் இசைந்துவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, இந்தத் திருமணப் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். நோயை மறைத்து மணம் முடித்தால், உங்கள் தம்பி மாத்திரையையும் மறைத்தே விழுங்க வேண்டியிருக்கும். சில வாரங்களில் விட்டுவிடுவார். விட்ட அன்றே நோய் திரும்புவதில்லை. வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்புவதால், மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் நினைவிருக்காது. 'அவள் வந்த நேரம்' என்று பழி அந்தப் பெண்ணின் தலையில் விழும். பின்னாளில் அவரே விரும்பி, மருத்துவரையும் கலந்து, பெண்ணிடம் உண்மையைச் சொல்லிச் செய்யும் திருமணம் வேறு.

அவர் படுத்துக் கிடப்பதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். குரல் கேட்பதை மாத்திரை அடக்கும் அளவுக்கு, இந்நோய் கொண்டுவரும் ஊக்கமின்மையை அடக்குவதில்லை. மாத்திரையின் அசதியாகவும் இருக்கலாம். அப்படியானால் மருத்துவர் அளவையோ வேளையையோ மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது என ஒரே ஒரு வேலையை, தினமும் ஒரே நேரத்தில், முதலில் நீங்களும் உடன் நின்று செய்யச் சொல்லுங்கள். 'தண்டச்சோறு' என்ற சொல் உங்கள் வீட்டில் புழங்குகிறதா என்று தெரியாது. புழங்கினால் இன்றோடு நிற்கட்டும். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலிய ஆய்வாளர்கள், ஓயாமல் குறைகூறும் பேச்சும் பகையும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களிடம் நோய் மீண்டும் தலைதூக்குவது கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். மீண்டும் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் வாதாடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். 'எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருப்பது புரிகிறது' என்றால் போதும். தூக்கம் குறைந்தாலோ, தட்டைத் தள்ளிவைத்தாலோ அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தர்காவிலோ கோயிலிலோ வேண்டிக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன்; மாத்திரையும் கூடவே போகட்டும். விட்டுவிட்டு வருவது என்ற பேச்சு மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்களும் இப்படி விட்டுவிட்டு வரப்பட்டவர்கள்தாம். 28 உயிர்கள் போயின. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் தடைசெய்கிறது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, தம்பியின் சம்மதத்தோடு அம்மாவையும் தாய்மாமனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்லிக் கேளாத தாய்மாமன், கால்கட்டைப் பற்றித் தாமே மருத்துவரிடம் கேட்டு, அவர் வாயால் பதிலைப் பெறட்டும்.