அந்த "ரெண்டு வார்த்தை"

கேள்வி: நான் ஆண் கவுன்சிலர். பெண்ணிய சிகிச்சை முறையில ஈடுபாடு உண்டு, ஆண் பெண் எல்லாரையும் சமமாத்தான் நடத்துறேன். கல்யாணப் பிரச்சனைக்காக ஒரு பெண் வர்றாங்க, கொஞ்ச நாளா சரியாவே பேச மாட்டேங்கிறாங்க. கணவர் அக்கறையானவர், ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் போன் பண்ணுவார், நானும் பொதுவா ரெண்டு வார்த்தை சொல்லுவேன். நான் ஆம்பளைங்கறதுதான் பிரச்சனையா?

பதில்: தம்பி, ஆம்பளையா பொம்பளையாங்கறது அப்புறம், முதல்ல அந்த போனுக்கு வாங்க. ரெண்டு வார்த்தைன்னா என்ன, "இன்னிக்கு கொஞ்சம் அழுதாங்க", "இப்ப கோவம் குறைஞ்சிருக்கு", இதானே? அன்னிக்கு ராத்திரியே "அங்க போய் அழுதியாமே"ன்னு அது அவங்க முன்னாடி வந்து நின்னிருந்தா அப்புறம் எப்படி வாயத் தொறப்பாங்க? சொல்லலாமான்னு அவங்கள கேட்டீங்களா? கேட்டிருந்தா லெட்டர்ல எழுதியிருப்பீங்க. இதே அவர் உங்ககிட்ட வந்து, பொண்டாட்டி போன் பண்ணியிருந்தா "அதெல்லாம் ரகசியம்மா"ன்னு வச்சிருப்பீங்க. அப்புறம் என்ன சமம்?

ரெண்டு பேருக்கும் ஒரே அளவுகோல்ங்கறது பாலின பாரபட்சம் இல்லாத சிகிச்சை, அதுலயே நீங்க ஃபெயில். பெண்ணிய சிகிச்சை அதுக்கும் மேல, வீட்ல யார் கையில அதிகாரம், அது இவங்க மனச என்ன பண்ணுதுன்னு பாக்கணும், அந்த ரூம்ல உங்க கையில இருக்கறதையும் சேத்து. 1970ல ப்ரோவர்மன்ங்கற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு 79 மனநல நிபுணர்கள்கிட்ட ஆரோக்கியமான ஆண், பெண், பொதுவா ஒரு மனுஷர் எப்படி இருப்பாங்கன்னு கேட்டப்போ ஆணும் மனுஷரும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தாங்க, பெண் மட்டும் அடங்கிப் போறவளா, எளிதா புண்படறவளா வந்தா. அந்த 79ல 33 பேர் பெண்கள், அவங்க பதிலும் அதேதான். அதனால பொம்பளையா இருந்தா போதும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆண்கள் பெண்ணிய சிகிச்சைக்குள்ள வரவே வேணாம்னு சொல்ற பெண்ணியவாதிகள் இருக்காங்க, உங்க லெட்டரப் படிச்சா அவங்க மேல எனக்கு கோவமே வரல.

குடும்பம் நிக்கணும்னுதான் நானும் சொல்லுவேன், ஆனா பொண்டாட்டி மனச வேவு பாத்து நிக்கவைக்கிற குடும்பம் வேணாம். "சார், இது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல"ன்னு இன்னொரு ஆம்பளைகிட்ட சொல்றதுதான் ஆண் கவுன்சிலருக்கு இருக்கற பெரிய வேலையே, ஒரு பொண்ணு சொன்னா தட்டிவிடற ஆளு நீங்க சொன்னா கொஞ்சம் கேப்பாரு.

இன்னிலேர்ந்து அவருக்கு ஒரு வார்த்தையும் போகக்கூடாது. அடுத்த செஷன்ல முதல் வேலையா நடந்தத அவங்ககிட்ட சொல்லி மன்னிப்பு கேளுங்க. அவர்கிட்ட என்ன காரணம் சொல்லி நிறுத்தறதுன்னு அவங்களையே கேளுங்க, அது வீட்ல எப்படி வெடிக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். வேற கவுன்சிலர் வேணும்னா ஏன்னு குடையாம அனுப்பி வைங்க.