குறி கலங்காமல் கன்றுக்குக் குறிசுடுவது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு, கிரான் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு அறுபது உருப்படி உள்ள மாட்டுப்பட்டி இருக்கிறது. போன மார்கழியில் கன்றுகளுக்கு ‘ஆர் பி’ (R B) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குறிசுட்டோம். இரும்பு நன்றாகச் சிவந்த பிறகுதான் வைத்தோம், பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தோம். இப்போது பாதிக் கன்றுகளில் எழுத்தே தெரியவில்லை, வெறும் மொட்டைத் தழும்புதான். இரண்டு கன்றுக்குப் புழுவும் பிடித்தது. எங்கே பிழைத்தது? அதே இடத்தில் மறுபடி சுடலாமா?

பதில்: அதே இடத்தில் மறுபடி சுட வேண்டாம். பழைய தழும்பில் தோல் ஒரு சீராக இருக்காது. இரண்டாம் முறை வைத்தால் காயம் இன்னும் பரவும். அதைவிடப் பெரிய சிக்கல், குறிக்கு மேல் குறி தெரிந்தால் களவு மாட்டில் குறி மாற்றியது போல இருக்கும். சோதனையிலோ விற்பனையிலோ உங்கள் சொந்த மாட்டுக்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். முதலில் தழும்பைச் சுற்றியுள்ள மயிரை ஒட்ட வெட்டிவிட்டுத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மயிர் மூடியதால் மட்டும் தெரியாமல் இருந்த எழுத்து சில கன்றுகளில் வெளியே வரும். வராதவற்றுக்குக் காதுப்பட்டி போட்டு, இலக்கம், நிறம், தாய்ப்பசு ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, உங்கள் பிரிவின் கால்நடை வைத்தியரிடமும் காட்டிப் பதிந்து வையுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, சிவந்த இரும்பு. சிவந்தால்தான் குறி விழும் என்று பல பட்டிகளில் நம்புகிறார்கள், ஆனால் குறியைக் கெடுப்பதே அதுதான். சிவந்த இரும்பு மயிரில் பட்டதும் தீப்பற்றும். அந்தச் சுவாலை கோட்டுக்கு வெளியேயும் சுடும், தோலின் அடி வரைக்கும் போகும். கறுப்பு இரும்பில் சூடு போதாது, தோலில் ஒட்டி இழுக்கும். வேண்டியது சாம்பல் நிறம். தணலில் இருந்து எடுத்து நிழலில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு முழுவதும் அடங்கி, மேலே வெண்சாம்பல் பூத்தது போல இருக்கும்போது வையுங்கள். 3 முதல் 5 வினாடி போதும், பத்து மிக அதிகம். எடுத்ததும் கோடு புதிதாகப் பதப்படுத்திய தோலின் மண்ணிறத்தில் இருந்தால் சரியாக விழுந்திருக்கிறது. ஒரு மூலை விடுபட்டால் அந்த மூலையை மட்டும் இரும்பின் ஓரத்தால் தொடுங்கள். முழு எழுத்தையும் திரும்ப வைத்தால் இரட்டைக் கோடு விழும்.

இரும்பைச் சிவக்க வைக்கும் பழக்கம் ஏன் வந்தது? மெல்லிய கம்பியை வளைத்து எழுத்துச் செய்வதால்தான். அது தணலை விட்டு வெளியே வந்ததும் ஆறிவிடும், அதற்காக அதிகமாகக் காய்ச்சுகிறார்கள். கொல்லரிடம் கனமான பட்டை இரும்பில் செய்யச் சொல்லுங்கள். கன்றுக்கு எழுத்து 3 அங்குல உயரம், தோலில் படும் முகம் கால் அங்குலத்துக்குக் குறையாத அகலம், முகத்தின் விளிம்புகள் அராவி மழுக்கியது, பிடி மூன்று அடி. ஒன்று காயும்போது மற்றது வேலை செய்ய, இரண்டு சோடி வேண்டும். முகத்தில் ஒட்டும் மயிர்க்கரியைக் கம்பித் தூரிகையால் ஒவ்வொரு கன்றுக்குப் பிறகும் தேய்த்து எடுங்கள்.

உங்கள் எழுத்துகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ‘ஆர்’ எழுத்தில் ஒரு மூடிய வளையம், ‘பி’ எழுத்தில் இரண்டு. உள்ளே அகப்பட்ட சூடு வெளியேற வழியில்லாமல் நடுத்தோலும் வெந்து, எல்லாம் ஒரே தழும்பாகிவிடும். கோடுகள் சந்திக்கும் இடங்களில் அரை அங்குலம் வெட்டி இடைவெளி விடச் சொல்லுங்கள். வெட்டிய வடிவத்தைப் பதிவிலுள்ள குறியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குறி 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்துக்குள் வரும் விடயம், ஆகவே வடிவத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

அடுத்தது மார்கழி. மட்டக்களப்பில் அது மாரியின் நடு. ஈர மயிரில் இரும்பு வைத்தால் நீர் ஆவியாகி, கோட்டைத் தாண்டி அவித்துவிடும். ஈரப் பட்டியில் இலையான் தொல்லையும் சேர்ந்ததால்தான் புழு வந்தது. மாரி ஓய்ந்து, பட்டி காய்ந்த பிறகு, பனி உலர்ந்த காலை நேரத்தில் சுடுங்கள். கன்றுக்கு இரண்டு முதல் நான்கு மாதம் நல்ல வயது. அதற்கு மேல் போனால் பிடிக்க ஆள் அதிகம் வேண்டும், துடிப்பில் குறி வழுகும்.

கன்றை மணலில் சாய்த்து, ஒருவர் தலையையும் முன்காலையும், ஒருவர் பின்கால்களையும் பிடிக்க வேண்டும். மேல்பக்கப் பின்காலை இயல்பாக நிற்கும் நிலையிலேயே வையுங்கள். காலை இழுத்துப் பிடித்துச் சுட்டால் தோல் நகர்ந்திருக்கும், கன்று எழுந்து நின்றதும் எழுத்துச் சாய்ந்துவிடும். தொடையின் சதைப்பகுதியில் வையுங்கள். இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் இரும்பு முழுமையாகப் பதியாது.

வலியைக் குறைக்க ஊசி போடுங்கள், இதைச் செலவென்று பார்க்க வேண்டாம். மெலொக்சிகாம் ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம். 40 கிலோ கன்றுக்கு 20 மில்லிகிராம், சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு. ஒரு மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் உள்ள போத்தலும் வருகிறது, 20 மில்லிகிராம் உள்ளதும் வருகிறது. முதலாவதில் 4 மில்லிலீற்றர், இரண்டாவதில் 1 மில்லிலீற்றர். இதை மாற்றிப் போட்டால் நான்கு மடங்கு மருந்து போய்விடும். எனவே வைத்தியர் போத்தலைப் பார்த்து அளவு சொன்ன பிறகே ஏற்றுங்கள். சுட்டதும் கன்றைத் தாயிடம் விடுங்கள். பால் குடித்தால் அடங்கும்.

காயம் முழுதாக ஆற எட்டு வாரமாவது எடுக்கும். கழிவு எண்ணெய், சாணம், சாம்பல் எதுவும் பூச வேண்டாம். பொருக்கை உரிக்க வேண்டாம். அது தானாக விழும்போதுதான் எழுத்துத் தெளியும். இலையான் அண்டாமல் வேப்பெண்ணெயைக் காயத்தைச் சுற்றித் தடவலாம். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் மாலையில், பட்டிக்குத் திரும்பும் கன்றை நிறுத்திப் பாருங்கள். பொருக்கின் ஓரம் ஈரமாகி நாற்றம் வந்தாலோ, கன்று அந்த இடத்தையே திரும்பத் திரும்ப நக்கினாலோ, உள்ளே புழு இருக்கக்கூடும். அன்றே வைத்தியரைக் கூப்பிடுங்கள். புழுவை இடுக்கியால் முழுதாக எடுத்து, ஐவர்மெக்டின் ஊசியும் போட வேண்டியிருக்கும்.